சூப்பர்சார்ஜர் பொருத்தும் எம்எக்ஸ்-5 காரின் எரிபொருள் அமைப்பை மேம்படுத்துவது எப்படி?

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில், 1994-ஆம் ஆண்டு மாடலிலிருந்து வந்த 1.8 லிட்டர் என்ஜினைச் சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் சுழன்று, என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வைத்து ஓட்ட விரும்புவோர் இன்றும் தேடி வாங்குகிறார்கள். இரும்பு பிளாக், 1839 சிசி கொள்ளளவு, 9.0:1 என்ற மிதமான அமுக்க விகிதம் ஆகியவற்றைக் கொண்ட இந்த என்ஜின், ஈட்டன் எம்45 அல்லது எம்62 ரகச் சூப்பர்சார்ஜர் தரும் அரை பார் அளவிலான பூஸ்ட்டை (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கூடும் காற்றழுத்தத்தை) உள்பாகங்கள் எதையும் மாற்றாமலே தாங்கக்கூடியது. ஆனால் அதன் எரிபொருள் அமைப்பு, கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது தந்த ஏறக்குறைய 130 குதிரைத்திறனுக்காகவே அளவெடுத்துச் செய்யப்பட்டது. அதற்கு மேல் காற்றை உள்ளே தள்ளிவிட்டு எரிபொருளை மட்டும் பழைய அளவிலேயே விட்டுவைத்தால், கலவை மெலிந்து, எரிகலத்தின் வெப்பம் ஏறி, நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்தெரிவது) தொடங்கி, பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய பகுதி உடைந்துபோகும். முழு த்ராட்டிலில் சில விநாடிகள் போதும், இவ்வளவும் நடந்து முடிய.

ஆகவே இந்த வேலையில் பெரிய பம்பும், எரிபொருளைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டரும் வாங்கி மாட்டுவது பாதிதான். என்ஜின் அதிகபட்சச் சுமையில் இருக்கும் அந்தச் சில விநாடிகளில் தேவையான அளவு எரிபொருள் தேவையான அழுத்தத்தில் ரெயிலுக்கு (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பிரித்துத் தரும் குழாய்க்கு) வந்து சேர்கிறது என்பதை, பூஸ்ட்டைத் தொடுவதற்கு முன்பே அளந்து உறுதிசெய்வது மீதிப் பாதி. பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் பார்வையில் இரண்டாவது பாதிதான் என்ஜினைக் காப்பாற்றுகிறது.

முதலில் கணக்கு

சாதாரணப் பெட்ரோல் என்ஜின் முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறக்குறைய 230 முதல் 240 கிராம் எரிபொருள் எடுத்துக்கொள்கிறது. சூப்பர்சார்ஜர் உள்ள என்ஜினுக்கு 270 முதல் 295 கிராம் வரை வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் கிராங்க் ஷாஃப்டிலிருந்தே சக்தியை எடுக்கிறது; அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேராவிட்டாலும் அதற்கும் பெட்ரோல் எரிந்தாக வேண்டும். அதோடு, பூஸ்ட்டின்போது எரிகலத்தைக் குளிர்விப்பதற்காகக் கலவையை வேண்டுமென்றே செறிவாக வைக்கிறோம்.

200 குதிரைத்திறன் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். 290 கிராம் வீதம் மணிக்கு 58 கிலோ எரிபொருள் தேவை. பெட்ரோலின் அடர்த்தியை லிட்டருக்கு 0.74 கிலோ என்று கொண்டால் அது மணிக்கு 78 லிட்டருக்குச் சற்று மேல் வரும். நான்கு சிலிண்டர்களுக்குப் பிரித்தால், ஒரு இன்ஜெக்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 327 சிசி தர வேண்டும். ஆனால் இன்ஜெக்டரை நூறு சதவீதமும் திறந்தே வைத்து ஓட்டக் கூடாது. 7,000 ஆர்பிஎம் வேகத்தில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 17 மில்லிவிநாடிதான். அதற்குள் ஊசி எழும்பித் திறக்கவும் திரும்ப அமரவும் நேரம் வேண்டும் என்பதால், 85 சதவீத டியூட்டிக்கு (சுழற்சி நேரத்தில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் பங்குக்கு) மேல் போகாதபடி அளவைத் தேர்ந்தெடுப்பதே முறை. 327-ஐ 0.85-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 385 சிசி. இது குறைந்தபட்ச அளவு; வாங்க வேண்டியது 3 பார் அழுத்தத்தில் 420 முதல் 460 சிசி வரை தரும் இன்ஜெக்டர்.

இதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் பழைய இன்ஜெக்டர்களின் நிலை தெரியும். அவற்றின் அளவை 250 சிசி என்று கொண்டால், 85 சதவீதத்தில் நான்கும் சேர்ந்து மணிக்கு 51 லிட்டர் தரும். அது சூப்பர்சார்ஜர் உள்ள என்ஜினில் 130 குதிரைத்திறனுக்கு மட்டுமே போதுமானது. அதாவது, இருக்கிற சக்திக்கு மேல் ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்ட அவற்றிடம் இருப்பு இல்லை.

எத்தனால் கலந்த எரிபொருள் பயன்படுத்துவோர் இந்த எண்களை உயர்த்திக்கொள்ள வேண்டும். எத்தனால் மிகுந்த இ85 எரிபொருளுக்கு, சாதாரணப் பெட்ரோலைவிட முப்பது முதல் நாற்பது சதவீதம் கூடுதல் கொள்ளளவு தேவைப்படும். அப்படிப்பட்ட திட்டம் இருந்தால் இன்ஜெக்டரையும் பம்பையும் தொடக்கத்திலேயே அந்த அளவுக்கு வாங்கிவிடுவது நல்லது.

இருப்பதை அளந்து பார்த்தல்

ரெயிலுக்குப் போகும் குழாயில் ஒரு டி இணைப்பு வைத்து, 7 பார் வரை காட்டும் எரிபொருள் அழுத்த கேஜைப் பொருத்துங்கள். இந்தத் தலைமுறைக் காரில் பானெட்டுக்கு அடியில் உள்ள டயக்னாஸ்டிக் பெட்டியில் எஃப்/பி, ஜிஎன்டி என்று குறிக்கப்பட்ட இரு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், என்ஜினைக் கிளப்பாமலே பம்ப் ஓடும். இந்த வசதி சோதனைகளை மிகவும் எளிதாக்குகிறது. எரிபொருள் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்ட நிலையில் கேஜ் 2.7 முதல் 3.2 பார் வரை காட்ட வேண்டும். பிறகு வயரை எடுத்துவிட்டு, குழாயை மாட்டி, என்ஜினை ஐட்லிங்கில் விட்டால் ஏறக்குறைய அரை பார் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ரெகுலேட்டரையோ குழாயையோ சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த சோதனை முக்கியமானது. என்ஜின் ஓடாதபோது பம்ப் தள்ளும் எரிபொருள் முழுவதும் திரும்பு குழாய் வழியாகத் டேங்கிற்கே போய்விடுகிறது. எனவே திரும்பு குழாயைக் கழற்றி, அளவு குறித்த உலோகக் கேனுக்குள் விட்டால் பம்பின் உண்மையான திறன் தெரிந்துவிடும். ஆனால் பூஸ்ட் இல்லாத அழுத்தத்தில் அளப்பதில் பயனில்லை. ரெகுலேட்டரின் வேக்குவம் முனையில் ஒரு கைப்பம்பை இணைத்து அரை பார் காற்றழுத்தம் கொடுங்கள்; கேஜ் சரியாக அரை பார் ஏற வேண்டும். அந்த நிலையில் 30 விநாடி பம்பை ஓட்டி அளக்கவும். நமக்குத் தேவையான மணிக்கு 78 லிட்டரோடு இருபது சதவீதம் கூட்டிக்கொண்டால், அரை நிமிடத்தில் ஏறக்குறைய 800 மில்லிலிட்டர் வர வேண்டும். பேட்டரி வோல்டேஜ் மட்டும் இருக்கும்போது எடுக்கும் இந்த அளவு, ஆல்டர்னேட்டர் ஓடும்போது கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அந்தப் பிழை நமக்குச் சாதகமான பக்கத்தில் இருப்பதால் கவலைப்பட வேண்டியதில்லை.

பழைய பம்ப் இந்தச் சோதனையில் தேறினாலும், ஏறக்குறைய முப்பது ஆண்டு பழைய ஒரு பம்பை நம்பிப் பூஸ்ட் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என்ஜினின் விலையோடு ஒப்பிட்டால் பம்பின் விலை மிகச் சிறியது.

பம்பை மாற்றுதல்

இந்தக் காருக்கு வால்ப்ரோ நிறுவனத்தின் மணிக்கு 190 லிட்டர், 255 லிட்டர் அளவுள்ள உயரழுத்தப் பம்புகள் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. பெரியதையே வாங்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தொழிற்சாலை ரெகுலேட்டரின் திரும்பு வழி குறுகலானது. 255 லிட்டர் பம்ப் ஐட்லிங்கில் தள்ளும் எரிபொருள் முழுவதையும் அதனால் திருப்பி அனுப்ப முடியாமல், அடிப்படை அழுத்தம் தானாக ஏறிவிடும். 200 குதிரைத்திறன் இலக்குக்கு 190 லிட்டர் பம்பே தாராளம். 255 லிட்டர் பம்ப் வேண்டுமென்றால் அதோடு பெரிய வழியுள்ள, அழுத்தத்தைத் திருத்தி வைக்கக்கூடிய ரெகுலேட்டரும் வாங்க வேண்டும்.

வேலையைத் திறந்த வெளியில் அல்லது நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். டேங்கில் கால் பங்குக்குக் குறைவாக எரிபொருள் இருக்கட்டும். பெட்ரோல் தீக்கு ஏற்ற உலர் பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சூடாகும் பல்பு விளக்குகள் அருகே கூடாது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்ப் ரிலேயைக் கழற்றி, அது தானாக நிற்கும்வரை விட்டால் குழாய்களில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். பிறகு டேங்க் மூடியைத் திறந்து ஆவியை வெளியேற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவும்.

பம்புக்குப் போகும் வழி இருக்கைகளுக்குப் பின்னால், கம்பளத்துக்கு அடியில் திருகுகளால் பிடிக்கப்பட்ட உலோக மூடியின் கீழ் இருக்கிறது. மூடியைச் சுற்றிப் படிந்திருக்கும் மண்ணையும் துருவையும் முதலில் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, மூடியைத் திறந்த பின் ஆவி கசியும் இடத்தில் அந்த இயந்திரத்தை மீண்டும் பயன்படுத்தாமல் ஈரத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். டேங்குக்குள் விழும் ஒரு சிட்டிகை மண் புதுப் பம்பின் ஆயுளைக் குறைத்துவிடும். போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும் அடையாளமிட்டுக் கழற்றி, மிதவையின் கம்பி வளையாதபடி சாய்த்து எடுங்கள். வடிகட்டிச் சல்லடையையும் கேஸ்கெட்டையும் புதிதாகவே போட வேண்டும்.

பம்பையும் மேல் குழாயையும் இணைக்கும் அந்தச் சின்ன ஹோஸில்தான் அடிக்கடி தவறு நேர்கிறது. இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கென விற்கும் எஸ்ஏஇ ஜே30ஆர்9 ரக ஹோஸ், உள்ளே பெட்ரோல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. வெளிப்புறம் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. டேங்குக்குள் போடுவதற்கு ஜே30ஆர்10 ரகமே வேண்டும். விலை அதிகம் என்பது உண்மைதான், ஆனால் தேவைப்படும் நீளம் சில சென்டிமீட்டர்தான். தவறான ஹோஸ் சில மாதங்களில் ஊறி மென்மையாகி, அழுத்தம் கூடும் நேரத்தில் பிளந்து, பம்ப் தள்ளுவதில் ஒரு பங்கை டேங்குக்கே திருப்பிவிடும். ஐட்லிங்கில் இந்தக் குறை தெரியவே தெரியாது, பூஸ்ட்டில்தான் தெரியும். இணைப்புகளுக்கு ஹோஸை வெட்டாத, விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளாம்ப்களைப் பயன்படுத்துங்கள். டேங்குக்குள் இருக்கும் வயர் இணைப்புகளில் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றக் கூடாது. அதன் பசை பெட்ரோலில் கரைந்து சல்லடையை அடைத்துவிடும்.

பழைய வயர் வழியாகவே புதுப் பம்புக்கு மின்சாரம் கொடுத்தால் வழியில் வோல்டேஜ் இழப்பு ஏற்படும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் இருந்து, பம்பின் இணைப்பில் 12-க்குக் குறைவாக இருந்தால், பம்பின் திறனில் கணிசமான பங்கு வயரிலேயே போய்விடுகிறது என்று பொருள். பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பின்புறம் வரை 4 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்து, பம்ப் அருகே ஒரு ரிலே வைத்து, பழைய வயரை அந்த ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகிலேயே இருக்க வேண்டும். பம்பை நேரடி ஸ்விட்ச்சில் இணைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்: விபத்தில் என்ஜின் நின்றால் பம்பும் தானாக நிற்க வேண்டும், பழைய வயரின் கட்டுப்பாட்டை விட்டுவைப்பது அதற்காகத்தான். வண்டிக்கு அடியில் பின்சக்கரத்தின் பக்கம் உள்ள எரிபொருள் ஃபில்டரையும் இதே வேளையில் மாற்றிவிடலாம்.

இன்ஜெக்டரும் ரெகுலேட்டரும்

இன்ஜெக்டர் வாங்கும்போது கொள்ளளவோடு அதன் மின்தடையையும் பார்க்க வேண்டும். இந்தக் காரின் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) 12 ஓம் அளவுள்ள உயர்தடை இன்ஜெக்டர்களை இயக்கும் வகையைச் சேர்ந்தது; 2 அல்லது 3 ஓம் உள்ளவற்றை நேராக இணைத்தால் ஈசியுவின் டிரைவர் எரிந்துவிடும். அதைவிட முக்கியம், தயாரிப்பாளர் தரும் தகவல் தாள். வோல்டேஜுக்கு ஏற்ப மாறும் திறப்புத் தாமதம், குறுகிய துடிப்புகளில் வரும் அளவு ஆகியவை அதில் அட்டவணையாக இருக்க வேண்டும். இன்ஜெக்டர் டைனமிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றை அளந்தே வெளியிடுகின்றன. தகவல் தாள் இல்லாத மலிவான இன்ஜெக்டரை வைத்து ஐட்லிங்கைச் சீராக்க முயல்வது வீண் உழைப்பு. தேவைக்கு மேல் இரு மடங்கு பெரிதாக வாங்குவதும் அப்படியே: ஐட்லிங்கில் துடிப்பு மிகவும் குறுகிவிடுவதால் ஒவ்வொரு முறையும் வரும் அளவு ஒன்றுபோல் இருக்காது.

பொருத்தும்போது புது ஓ-ரிங்குகளில் சுத்தமான என்ஜின் ஆயிலைத் தொட்டுத் தடவி, நேராக அழுத்தி, கையால் திருப்பினால் சுழலும்படி அமர்த்துங்கள். சுழல மறுத்தால் ஓ-ரிங் கிள்ளப்பட்டிருக்கிறது. ரெயிலை இந்தச் சக்தி அளவுக்கு மாற்றத் தேவையில்லை.

ரெகுலேட்டரின் வேக்குவம் குழாய், சூப்பர்சார்ஜரைக் கடந்த பிறகு, இன்டேக் மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதியில்) உள்ள அழுத்தத்தை உணரும் இடத்திலிருந்து வர வேண்டும். இன்ஜெக்டர் வழியாகப் பாயும் அளவைத் தீர்மானிப்பது ரெயில் அழுத்தத்துக்கும் மேனிஃபோல்ட் அழுத்தத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு. மேனிஃபோல்டில் அரை பார் ஏறினால் ரெயிலிலும் அரை பார் ஏறியாக வேண்டும். மாஸ்டா இந்தக் குழாயின் நடுவே, சூடான என்ஜினைத் திரும்பக் கிளப்புவதற்கு உதவும் ஒரு சொலினாய்டை (மின்காந்த வால்வை) வைத்திருக்கிறது. அது பூஸ்ட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று என்பதால், அதைத் தவிர்த்து மேனிஃபோல்டிலிருந்து நேராக இணைத்து, இரு முனையிலும் கிளாம்ப் போடுங்கள். இந்த ஒரு குழாய் பூஸ்ட்டில் கழன்றால் கலவை உடனே மெலியும்.

1999-ஆம் ஆண்டு மாடலிலிருந்து வந்த இரண்டாம் தலைமுறைக் கார்களில் பல, திரும்பு குழாய் இல்லாமல் டேங்குக்குள்ளேயே ரெகுலேட்டர் கொண்டவை. அங்கே ரெயில் அழுத்தம் ஏறக்குறைய 4.1 பாரில் நிலையாக நிற்கும். அரை பார் பூஸ்ட்டில் வேறுபாடு 3.6 ஆகக் குறைந்து, இன்ஜெக்டரின் பாய்வு ஆறு சதவீதம் இறங்கும். இதை ஈசியுவில் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும். இந்தச் சக்தி அளவுக்குத் திரும்பு குழாய் புதிதாக அமைப்பது கட்டாயமில்லை.

பழைய சூப்பர்சார்ஜர் கிட்கள் சிலவற்றில் இன்ஜெக்டரை மாற்றாமல், பூஸ்ட் ஏற ஏற எரிபொருள் அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றும் ஒரு கூடுதல் ரெகுலேட்டரைக் கொடுத்தார்கள். கணினித் திருத்தம் எளிதாகக் கிடைக்காத காலத்தில் அது ஓர் ஏற்பாடாக இருந்தது. இன்று அதை நாட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாய்வு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், 250 சிசி இன்ஜெக்டரை 360 சிசி தர வைக்க அழுத்தத்தை இரு மடங்குக்கு மேல், 6 பாருக்கும் அதிகமாக உயர்த்த வேண்டும். அந்த அழுத்தத்தில் பம்பின் திறன் சரிந்துவிடும். பல பம்புகளில் உள்ளிருக்கும் பாதுகாப்பு வால்வே திறந்துவிடும். எரிபொருள் மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்திலேயே மிகக் குறைவாகக் கிடைக்கும்.

ஈசியுவும் ஓட்டச் சோதனையும்

பெரிய இன்ஜெக்டர் போட்ட பிறகு தொழிற்சாலை ஈசியுவை வைத்து ஓட்ட முடியாது. மெகாஸ்க்வர்ட், லிங்க் போன்ற, திருத்தக்கூடிய ஈசியுக்கள் இந்தக் காரின் கனெக்டரிலேயே மாட்டும்படி கிடைக்கின்றன. மேனிஃபோல்ட் அழுத்த சென்சார் குறைந்தது 2 பார் முழு அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து) வரை படிக்கக்கூடியதாக இருக்கட்டும். இன்ஜெக்டரின் கொள்ளளவையும் திறப்புத் தாமதத்தையும் தகவல் தாளில் உள்ளபடியே பதிந்து, அதன் பிறகே எரிபொருள் அட்டவணையைத் தொட வேண்டும். தாமத எண் தவறாக இருந்தால் ஹெட்லைட் போட்டு வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் கலவை மாறும். அதை அட்டவணையில் திருத்தப் போனால் முடிவே இராது.

எக்ஸாஸ்ட்டில், கலவையின் செறிவை அகன்ற எல்லையில் அளக்கும் வைட்பேண்ட் சென்சார் கட்டாயம். தொழிற்சாலை சென்சார், காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதம் 14.7:1 என்ற புள்ளிக்கு இப்புறமா அப்புறமா என்று மட்டுமே சொல்லும். பூஸ்ட்டில் நமக்கு வேண்டியது 11.5 முதல் 12 வரை, லாம்டாவில் (உள்ள விகிதத்தை, எரிபொருள் முழுதாக எரியத் தேவையான விகிதத்தால் வகுத்த எண்ணில்) சொன்னால் 0.78 முதல் 0.82 வரை. எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்த விகித எண்கள் மாறிவிடும், லாம்டா மாறாது. ஆகவே லாம்டாவிலேயே பார்க்கப் பழகுவது நல்லது.

முதல் முறை கிளப்புவதற்கு முன், டயக்னாஸ்டிக் பெட்டியில் வயரை இணைத்துப் பம்பை இரண்டு நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த தாளால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மேற்கொண்டு போகக் கூடாது. கைப்பம்பால் ரெகுலேட்டருக்கு அரை பார் கொடுத்து அதே அழுத்தத்திலும் கசிவு பாருங்கள்; 30 விநாடி அளவையும் மீண்டும் எடுங்கள். இதற்குப் பிறகு என்ஜினைக் கிளப்பி, பூஸ்ட் இல்லாத பகுதி முழுவதையும் முதலில் சரிசெய்யுங்கள்.

பூஸ்ட் சோதனையைப் பொதுச் சாலையில் செய்யாமல் டைனோவிலோ (காரை நிறுத்திவைத்து அதன் சக்தியை அளக்கும் உருளை மேடையிலோ) மூடிய தடத்திலோ செய்ய வேண்டும். ரெயிலில் ஓர் எரிபொருள் அழுத்த சென்சாரை வைத்து, மேனிஃபோல்ட் அழுத்தத்தோடு சேர்த்து ஈசியுவில் பதிவாகும்படி இணைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியரில் 4,000 ஆர்பிஎம் வரை மட்டும் இழுத்து விட்டுவிட்டுப் பதிவைப் பாருங்கள். பிறகு 5,000, 6,000 என்று படிப்படியாக ஏறுங்கள். ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியவை மூன்று: ரெயிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலான வேறுபாடு அதே 3 பார் அளவில் நிற்கிறதா, டியூட்டி 85-க்குள் இருக்கிறதா, லாம்டா சொன்ன எல்லைக்குள் இருக்கிறதா. லாம்டா மட்டும் மெலிந்தால் அட்டவணையில் திருத்தலாம். வேறுபாடே குறைந்தால் அது அட்டவணையின் குறையன்று. பம்ப், வயர், ஃபில்டர், டேங்குக்குள் உள்ள ஹோஸ் ஆகியவற்றில் ஒன்று தோற்கிறது. அதை அட்டவணையில் கூடுதல் எரிபொருள் எழுதி மறைப்பது, குளிர்காலக் காலையில் சரியாகத் தோன்றி, வெயில் நாளில் என்ஜினை உடைக்கும்.

வேறுபாடு 2.6 பாருக்குக் கீழே இறங்கினால் பற்றவைப்பை நிறுத்தும்படி ஈசியுவில் ஒரு பாதுகாப்பு எல்லையும் எழுதி வையுங்கள். டேங்க் கால் பங்குக்குக் கீழ் இருக்கும்போது நீண்ட வளைவில் எரிபொருள் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பம்பு காற்றை உறிஞ்சக்கூடும் என்பதால், தடத்தில் ஓட்டுவோருக்கு இந்த எல்லை மிகவும் தேவை.

வாங்குவதற்கு முன்பே உள்ளூர்ச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். கலிபோர்னியாவில் ஏர் ரிசோர்சஸ் போர்டின் ஆணை எண் பெறாத சூப்பர்சார்ஜர் கிட் உள்ள கார் புகைச் சோதனையில் தேறாது. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இங்கே இத்தகைய காரைப் பந்தயத் தடத்துக்கு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுசெல்வதே சரியான வழி.